சிறுநீர் நாளம் வழி தவறினால்

குடலிறக்கம் என்னும் சொல்லைக் கேளாதவர் நம்மிடையே இரார். கனத்த மூட்டை தூக்குவோர்க்கும், நெடுநாள் இருமலால் வருந்துவோர்க்கும், முதுமை எய்தியவர்க்கும் அடிவயிற்றின் ஓரத்தில் ஒரு புடைப்புத் தோன்றுவதுண்டு. படுத்தால் அது உள்ளே அடங்கிவிடும். எழுந்து நின்று இருமினால் மறுபடி வெளியே எட்டிப் பார்க்கும். வயிற்றுச் சுவரில் நலிந்த இடம் ஒன்று இருக்கிறது; உள்ளேயிருக்கும் குடல் அவ்விடத்தை நெட்டித் தள்ளிக்கொண்டு இறங்குகிறது. ஆதலின் குடலிறக்கம் என்ற பெயர் அதற்கு அமைந்தது. காரணப் பெயர், பொருத்தமான பெயருங்கூட.

ஆனால் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட நோய்க்கு அப்பெயர் பொருந்தாது. இதில் இறங்குவது குடல் அன்று. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சிறுநீரைக் கொண்டு செல்லும் மெல்லிய குழாய், அதாவது சிறுநீர் நாளம், தன் வழியை விட்டு விலகி இறங்குகிறது. இறங்கும் வாயிலும் வயிற்றின் முன்சுவரில் இல்லை. இடுப்பெலும்பின் பின்புறத்தில் இருக்கிறது. மருத்துவ நூல்கள் வழங்கும் ஹெர்னியா என்னும் இலத்தீன் சொல்லுக்குப் பிளவு அல்லது கிழிவு என்பதே பொருள். அது குடலை மட்டும் சுட்டுவதன்று. எந்த உறுப்பு தனக்குரிய அறையை விட்டு வெளிப்பட்டாலும் அச்சொல் செல்லும். ஆகையால் இப்பேச்சில் நான் ஹெர்னியா என்றே கூறப்போகிறேன், தமிழன்பர்கள் பொறுத்தருள்க.

இந்நோய் மிகமிக அரியது. உலகத்து மருத்துவ இதழ்கள் அனைத்தையும் புரட்டினாலும், இடுப்பின் பின்துளை வழியாகச் சிறுநீர் நாளம் வெளிப்பட்டதாகக் குறிக்கப்பட்ட நோயாளிகள் சில பத்துப் பேருக்கு மேல் தேறார். நாற்பது ஆண்டுக் காலம் தொழில் நடத்திய மருத்துவர்களில் ஒருவரைக்கூடக் காணாதவரே பெரும்பாலர். அத்தகைய நோயைப் பற்றி மாணவர்களாகிய உங்களிடம் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உடம்பில் எந்த எலும்புக்கும் தசைக்கும் இடையே என்ன வேலை நடக்கிறது என்பதை, ஒழுங்காக நடக்கும் காலத்தில் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒழுங்கு கெட்ட அரிய நோய் ஒன்றே சில வேளைகளில் அதை நமக்குக் கற்பிக்கிறது. அன்றியும் இந்நோய் கத்திக் கூப்பாடு போடாமல் ஒரு சிறுநீரகத்தைப் பறித்துக்கொண்டு போகவல்லது. அது எவ்வாறு என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் அந்த நாளத்தை அறிமுகம் செய்துவிடுகிறேன். நம் சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரைக் குருதியிலிருந்து வடிக்கின்றன. அதில் பெரும்பகுதியைத் திரும்பவும் குருதிக்கே அளித்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராகக் கழித்துவிடுகின்றன. இந்த ஒன்றரை லிட்டரும் கீழே செல்வதற்கு வலத்தில் ஒன்றும் இடத்தில் ஒன்றுமாக இரண்டு நாளங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். பருமனோ, நீங்கள் எழுதும் பென்சிலைக் காட்டிலும் குறைவு. 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான்.

குழாய் என்றவுடன் கூரையிலிருந்து மழைநீரை இறக்கும் தகரக் குழாயை நினைத்துக்கொள்ளலாகாது. தகரக் குழாயில் நீர் தன் எடையால் விழுகிறது. சிறுநீர் நாளம் அப்படிப்பட்டதன்று. அதன் சுவர் முழுவதும் தசை. மேல் நுனியில் ஒரு சுருக்கம் தோன்றி, மண்புழு ஊர்வதுபோல அலையாகக் கீழ் நுனி வரையில் ஓடுகிறது. தனக்கு முன்னால் உள்ள சிறுநீர்த் துளியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சிறுநீர்ப்பைக்குள் பீச்சுகிறது. ஒரு நிமிடத்தில் இப்படிச் சில அலைகள், நாம் உறங்கினாலும் விழித்திருந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. உங்களில் எவரேனும் சிரசாசனம் பழகுபவராயின், தலைகீழாக நிற்கும் அந்நேரத்திலும் சிறுநீர் சிறுநீர்ப்பைக்கே போய்ச் சேருகிறது என்பதை அறிந்து வியப்படையலாம். உயிருள்ள குழாய் என்று நான் அதனைச் சொல்வது அணிக்காக அன்று.

அது செல்லும் வழியைச் சற்று உன்னிப்பாகக் கேளுங்கள். குடலையும் இரைப்பையையும் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்னும் மெல்லிய சவ்வுக்குப் பின்னால், முதுகெலும்பின் மருங்கில் உள்ள தசையின்மேல் அது இறங்குகிறது. இடுப்பு எல்லையை அடைந்ததும், காலை நோக்கிச் செல்லும் பெரிய தமனியைக் குறுக்கே கடந்து இடுப்புக் கூட்டினுள் நுழைகிறது. நுழைந்தபின் நேரே சிறுநீர்ப்பைக்குச் செல்லலாமே என்றால், செல்வதில்லை. கூட்டின் பக்கச் சுவரை ஒட்டிக்கொண்டு கீழும் பின்னுமாக வளைகிறது. நாம் உட்காரும்போது நம்மைத் தாங்கும் எலும்பில் முள் போன்ற ஒரு நீட்சி உண்டு. அதன் அருகில் வந்த பிறகே முன்னோக்கித் திரும்பிச் சிறுநீர்ப்பையை எட்டுகிறது. இந்தத் திருப்பத்தை நினைவில் இருத்துங்கள். நம் கதை நடக்கும் இடம் இதுவே.

இனி இடுப்பெலும்பு. உடற்கூற்று வகுப்பில் அதனை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது, இத்தனை கனமான எலும்பில் இத்தனை ஓட்டைகளா என்று நான் நினைத்தது உண்டு. பழைய மருத்துவத் தமிழில் இடுப்புக் கூட்டைக் கூபகம் என்பர். கூபம் என்றால் கிணறு. நல்ல சொல்தான், ஆயினும் இக்கிணற்றின் சுவர் முழுவதும் கல்லால் கட்டப்பட்டதன்று. முன்னே இரண்டு பெரிய சாளரங்கள்; பின்னே, முதுகெலும்பின் அடிப்பகுதியான திரிக எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, பக்கத்துக்கு ஓர் ஆழமான வெட்டு. அந்த வெட்டுக்குக் குறுக்கே இரண்டு உறுதியான தசைநார்கள் பாலம் போட்டு அதனை இரண்டு துளைகளாகப் பிரிக்கின்றன. மேலே உள்ளது பெரியது. கீழே உள்ளது சிறியது. பெரிய துளைக்குப் பெரிய சயாட்டிக் துளை என்று பெயர். நம் காலுக்குச் செல்லும் நரம்புகளிலெல்லாம் பருத்ததான சயாட்டிக் நரம்பு வெளியேறும் வாயில் அதுவே. தொடைக்குப் பின்னால் சுண்டி இழுக்கும் வலியைச் சயாட்டிகா என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த நரம்புதான் இது.

இந்த வாயிலுக்குக் கதவு ஒன்றும் இல்லை. கதவுக்குப் பதிலாக ஒரு தசை இருக்கிறது. பேரிக்காயின் வடிவம் உடையதாகையால் பிரிஃபார்மிஸ் என்று அதற்குப் பெயரிட்டார்கள். திரிக எலும்பின் உட்புறத்தில் அகன்று தொடங்கி, துளையின் வழியாக வெளியேறி, குறுகித் தொடையெலும்பின் உச்சியில் போய்ப் பற்றுகிறது. தொடையை வெளிப்புறமாகத் திருப்புவது அதன் தொழில் என்று பாடநூல் சொல்லும். ஆனால் அதைவிடப் பெரிய தொழில் ஒன்றை, எவரும் கேளாமலே, அது செய்துகொண்டிருக்கிறது. பானை வாயைத் துணிச் சுருணையால் அடைப்பதுபோல அத்துளையை அது அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் மேலும் கீழும் எஞ்சும் இடுக்குகளில் நரம்புகளும் குருதிக் குழாய்களும் நெருங்கிச் செல்கின்றன.

சுருணை இளைத்துவிட்டால் என்ன ஆகும்? முதுமையில் தசைகள் மெலிகின்றன. நெடுநாள் படுக்கையில் கிடந்தாலோ, தொடை மூட்டு கெட்டு நடை குறைந்தாலோ, நரம்பு நோயால் தசை சூம்பினாலோ பேரிக்காய் வற்றல் காயாகிவிடுகிறது. இடுக்குகளை நிரப்பிக்கொண்டிருந்த கொழுப்பும் உடல் மெலியும்போது கரைந்துபோகிறது. பெண்களின் இடுப்புக் கூடு பேறுகாலத்தின் பொருட்டு ஆண்களுடையதினும் அகன்று அமைந்தது. ஆகவே அத்துளையும் அகன்றது. அறிக்கைகளில் காணப்படும் நோயாளிகளில் முதிய பெண்டிரே மிகுதியாக இருப்பதற்குக் காரணம் இவையென்று கருதுகிறார்கள். இருமலும் முக்கலும் வயிற்றினுள் அழுத்தத்தைக் கூட்ட, அருகில் அசைந்துகொண்டிருக்கும் உறுப்பு ஏதேனும் அந்த இடைவெளியில் புகுந்துகொள்கிறது. சிறுகுடலாகவும் இருக்கலாம், சூலகமாகவும் இருக்கலாம். மிக அரிதாக, சுவரை ஒட்டியே செல்லும் சிறுநீர் நாளம் அதன் திருப்பத்தில் ஒரு வளையமாக உள்ளே நழுவுகிறது.

தொடை இடுக்கில் வரும் ஹெர்னியாவைக் கையால் தொட்டுப் பார்த்துவிடலாம். இதனைத் தொட முடியாது. வெளிவந்த வளையத்தின்மேல் நம் உடம்பின் மிகப் பெரிய தசையாகிய பிட்டத்துத் தசை கம்பளிபோல் போர்த்திக்கிடக்கிறது. புடைப்பு இல்லை, கண்ணுக்குத் தெரியும் அடையாளம் இல்லை. வலியாவது சரியான இடத்தைக் காட்டுகிறதா என்றால், பல சமயங்களில் அதுவும் இல்லை.

எழுபது வயது மூதாட்டி ஒருவரை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். இடது விலாவுக்குக் கீழே மந்தமான ஒரு வலி. சில நாட்களில் இடுப்பிலும் தொடையின் பின்புறத்திலும் இழுக்கிறது. வீட்டார் என்ன சொல்வார்கள்? வயதாகிவிட்டது, வாதம் என்பார்கள். தைலம் தேய்ப்பார்கள். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கித் தருவார்கள். வலி சிலநாள் தானே தணிந்துவிடுகிறது. வளையம் தன்னிச்சையாக உள்ளே திரும்பியிருக்கக்கூடும். பிறகு மறுபடி வருகிறது. எவரும் சிறுநீரகத்தை நினைப்பதில்லை. ஏனெனில் சிறுநீர் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கிறது.

உள்ளே நடப்பது வேறு. துளையின் விளிம்பில் நாளம் மடங்கி நெரிகிறது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாய் முறுக்கிக்கொண்டால் நீர் தடைப்படுவது போன்றதே இதுவும். ஆனால் ரப்பர்க் குழாய்க்கு மேலே இருப்பது தொட்டி. இங்கே இருப்பது சிறுநீரகம். தடைப்பட்ட சிறுநீர் மேல்நோக்கித் தேங்குகிறது. நாளம் பருக்கிறது, சிறுநீரகத்தின் உட்குழிவு விரிகிறது, விரிய விரிய, வடிகட்டும் திசு அழுந்தி மெலிகிறது. திடீரென்று அடைபட்டால் துடிக்கச் செய்யும் வலி உண்டாகும். மெதுமெதுவாக அடைபட்டால் வலி சிறிதே. சிலருக்கு அதுவும் இல்லை. முழு அடைப்புச் சில வாரம் நீடித்துவிட்டால், பின்னர் வழியைத் திறந்துவிட்டாலும் அச்சிறுநீரகம் இழந்த ஆற்றலை முழுவதும் திரும்பப் பெறுவதில்லை.

குருதிச் சோதனை காட்டிக்கொடுக்காதா என்று அறிவியல் பயிலும் மாணவர் கேட்கக்கூடும். குருதியில் கிரியாட்டினின் என்னும் கழிவுப் பொருளின் அளவைக் கொண்டு சிறுநீரகத்தின் திறனை மதிப்பிடுவது வழக்கம். ஆனால் ஒரு சிறுநீரகம் நலிந்தால் மற்றது தன் பங்குக்கு மேலும் உழைக்கிறது. எனவே அவ்வளவு ஏறக்குறைய இயல்பாகவே இருந்துவிடலாம். இயற்கை நமக்கு இரண்டு தந்திருப்பதன் நன்மையே இங்குத் திரையாகி விடுகிறது. வலிக்கென்று விழுங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளோ சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியோட்டத்தைக் குறைக்கும் இயல்புடையவை. நலமாயுள்ள ஒரு சிறுநீரகத்தின்மேல் இருவர் சுமையும் விழுந்திருக்கும் வேளையில் அதனையே அவை மேலும் வருத்தக்கூடும். மருத்துவரைக் கேளாமல் மாதக்கணக்கில் வலி மாத்திரை தின்னும் நம்மவர் வழக்கத்தை நான் வெறுப்பதற்கு இது ஒரு காரணம். தேங்கிய சிறுநீரில் கிருமிகள் பெருகினால் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். அந்நஞ்சு குருதியில் கலந்தால் உயிருக்கே இடர்.

கண்ணுக்கும் கைக்கும் அகப்படாத இந்த வளையத்தை மனிதர் எப்படிக் கண்டுபிடித்தனர்? இதில் ஒரு சுவையான வரலாறு உண்டு. 1895-ஆம் ஆண்டு ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். எலும்பு தெரிந்தது, சிறுநீர் நாளம் தெரியவில்லை. தசையும் சிறுநீரும் கதிர்களை ஏறக்குறைய ஒரேயளவில் விடுவதால் அது படத்தில் கலந்து மறைந்துவிடுகிறது. 1906-இல் ஃபெல்க்கர், ஃபான் லிக்டன்பர்க் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இருவர், சிறுநீர்ப்பை வழியாக மெல்லிய குழலைச் செருகி, வெள்ளி கலந்த கரைசலை நாளத்தினுள் கீழிருந்து மேலாக ஏற்றிப் படம் பிடித்தனர். வெள்ளி கதிர்களைத் தடுத்தமையால் நாளத்தின் உருவம் தெரிந்தது. ஆனால் அக்கரைசல் சிலருக்குக் கேடும் விளைத்தது.

நரம்பில் ஏற்றினால் குருதியில் கலந்து, சிறுநீரகமே வடித்துக் கீழே அனுப்பும்படியான ஒரு பொருள் கிடைக்காதா என்று பலரும் தேடினர். பெர்லின் வேளாண்மைக் கல்லூரியில் பின்ஸ், ரேத் என்னும் வேதியியலார் கிருமிகளை ஒழிக்கும் மருந்து தேடிப் பல கூட்டுப் பொருள்களைச் செய்துகொண்டிருந்தனர். அவற்றுள் சிலவற்றில் அயோடின் இருந்தது. அயோடின் கதிர்களைத் தடுக்கும். அமெரிக்காவிலிருந்து ஜெர்மனிக்குப் பயிலச் சென்றிருந்த மோசஸ் சுவிக் என்னும் இளம் மருத்துவர், இப்பொருள் சிறுநீரில் வெளிப்படுவதைக் கண்டு, மருந்தாகப் பயன்படாவிடினும் படத்துக்குப் பயன்படுமே என்று துணிந்தார். 1929-இல் சிறுநீரகமும் நாளமும் சிறுநீர்ப்பையும் ஒரே படத்தில் தெளிவாகத் தெரிந்தன. மேலே சொன்ன ஃபான் லிக்டன்பர்க்கின் மருத்துவமனையில்தான் அவ்வாராய்ச்சி நிறைவெய்தியது. ஆதலின் பெருமை யாருக்கு என்பதில் பூசல் எழுந்தது. இளைஞருக்கு உரிய பாராட்டுப் பல்லாண்டு கழித்தே கிட்டியது. கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் இது புதுமையன்று.

இந்தப் படமுறை பரவிய பின்னரே நம் நோய் வெளிச்சத்துக்கு வந்தது. 1947-இல் சுவீடன் நாட்டுக் கதிரியல் மருத்துவர் லிண்ட்போம், சிறுநீர் நாளம் சயாட்டிக் துளையில் புகுந்து அடைபட்டிருந்ததை எழுதி வெளியிட்டார். அதனால் சிலர் இதனை லிண்ட்போம் ஹெர்னியா என்றே வழங்குகின்றனர். 1952-இல் அமெரிக்காவில் பெக் என்பவரும் அவர் கூட்டாளிகளும் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதியபோது, படத்தில் கண்ட நாளத்தை, எழுதுகோலால் அழகுக்காக இழுத்துவிடும் சுழிக்கு ஒப்பிட்டனர். ஏடு தொடங்கும்போது பிள்ளையார் சுழி இடும் நமக்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை. மேலிருந்து இறங்கி வந்த கோடு, இடுப்பெலும்பின் விளிம்பைத் தாண்டி வெளியே போய், வட்டமிட்டு, மீண்டும் உள்ளே வந்து சிறுநீர்ப்பையைச் சேருகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நாளம் வளைந்து நெளிந்திருப்பதெல்லாம் ஹெர்னியா ஆகாது. வேறு காரணத்தால் நெடுநாள் அடைபட்டுப் பருத்த நாளமும் பாம்புபோல் நெளியும். சுழி எலும்பு விளிம்புக்கு உள்ளேயா வெளியேயா என்பதே வினா. ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர் அமைத்த கருவியைக் கொண்டு 1971-இல் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தார்கள். பின்னர் உடல் முழுவதற்கும் பயன்படும்படி அது வளர்ந்தது. அதுவே இன்று சி.டி. ஸ்கேன் எனப்படுவது. வாழைத்தண்டை வில்லை வில்லையாக அரிந்து பார்ப்பதுபோல இடுப்பைக் குறுக்குவாட்டில் காட்டும் அப்படத்தில், துளையும், இளைத்த தசையும், அதன் அருகே புகுந்த நாளமும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிகின்றன.

நாளம் வழி தவறும் வாயில் இஃதொன்றே அன்று. தொடை இடுக்கில் வரும் சாதாரண ஹெர்னியாவிலும் சிற்சில வேளை அது இறங்கிவிடுவதுண்டு. உலகில் ஆண்டுதோறும் சுமார் 2 கோடிப் பேருக்கு அந்த ஹெர்னியாவுக்கு அறுவை நடக்கிறது என்று கணக்கிடுவர். அதனை மிக எளிய அறுவை என்றும், பயிற்சி மாணவர் முதலில் கற்பது என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் நாளம் பெரிட்டோனியத்தின் பையோடு ஒட்டிக்கொண்டு இழுபட்டு வருகிறது. சில சமயம் பை எதுவுமின்றி, வெறும் கொழுப்பின் நடுவே புதைந்து வருகிறது. கருவில் நாளம் உருவானபோதே நேர்ந்த பிழையொன்று இதற்குக் காரணம் என்பர். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்களுக்கும் இவ்வாறு நேர்ந்ததாக அறிக்கைகள் உள. புதுச் சிறுநீரகத்தை அடிவயிற்றின் பக்கத்தில் வைப்பதால் அதன் நாளம் தொடை இடுக்கின் அருகிலேயே செல்கிறது.

கொழுப்பில் புதைந்த நாளந்தான் ஆபத்தானது. அறுவை மருத்துவர் அதனைத் தேவையற்ற கொழுப்புத் திரணை என்று எண்ணி வெட்டிவிடக்கூடும். ஐயமுற்ற மருத்துவர் என்ன செய்ய வேண்டும்? இடுக்கியால் மெல்லத் தொட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். குருதிக் குழாயாயின் துடிக்கும், அல்லது சும்மா கிடக்கும். நாளமாயின் தொட்ட இடத்திலிருந்து ஒரு சுருக்கம் புழுவைப்போல் ஊர்ந்து செல்லும். உயிருள்ள குழாய் என்று முன்னே சொன்னேன் அல்லவா? தன்னை வெட்ட வந்த கைக்கு அது தன் பெயரைச் சொல்லும் முறை இதுவே.

மீண்டும் சயாட்டிக் துளைக்கு வருவோம். அங்குப் புகுந்த நாளத்தை எவ்வாறு மீட்பது? நோயாளிகள் மிகச் சிலரே ஆகையால், ஆயிரம் பேரை இரு பிரிவாக்கி இம்மருத்துவம் மேலா, அம்மருத்துவம் மேலா என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சி எதுவும் இல்லை, இருக்கவும் இயலாது. ஒருவர் ஒரு நாட்டில் எழுதிய ஒரு பக்க அறிக்கையை இன்னொருவர் வேறொரு நாட்டில் படித்துத் தம் முன்னால் உள்ள நோயாளிக்குப் பொருத்திப் பார்க்கிறார். அவ்வளவே நமக்குள்ள வழிகாட்டி. தொல்லை ஒன்றும் தராமல், வேறு காரியத்துக்காக எடுத்த படத்தில் தற்செயலாகத் தெரிந்தால், சும்மா கவனித்து வருவதே போதும் என்பது பலர் கருத்து. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

அடைப்பும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் காத்திருத்தல் தகாது. அன்றே சிறுநீருக்கு ஒரு வழி செய்ய வேண்டும். சிறுநீர்ப்பையின் உட்புறத்தை விளக்கொளியில் காட்டும் கருவியை ஜெர்மானியரான நிட்சே 1879-இல் வியன்னாவில் செய்து காட்டினார். அதன் வழித்தோன்றலான இன்றைய கருவியின் வழியாக நாளத்தின் வாயைக் கண்டு, மெல்லிய கம்பியை மேலே செலுத்துகிறார்கள். கம்பி ஏறும்போதே சுழி நிமிர்ந்து, வளையம் துளையிலிருந்து உள்ளே திரும்பிவிடுவதும் உண்டு. பிறகு கம்பியின்மேல் ஒரு மென்குழலை ஏற்றி வைக்கிறார்கள். 1978-இல் வழக்குக்கு வந்த இக்குழலின் இருமுனையும் தூண்டில் முள்போல வளைந்திருக்கும். ஒரு முனை சிறுநீரகத்திலும் மற்றது சிறுநீர்ப்பையிலும் மாட்டிக்கொள்வதால் அது நழுவுவதில்லை. கம்பி ஏறாவிட்டால், முதுகுப் பக்கத்திலிருந்து சிறுநீரகத்துக்கே ஊசித்துளையிட்டு வடிகுழல் வைப்பர்.

மென்குழல் நிலையான தீர்வு அன்று. சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் அதன்மேல் உப்புப் படிந்து கல்லாகிவிடும். அறுவையைத் தாங்க இயலாத முதியவர்க்கு அதுவே போதுமானதாகலாம். மற்றவர்க்கு வயிற்றில் சிறு துளைகளிட்டு, உள்நோக்கியின் உதவியால் நாளத்தை வெளியே எடுத்து, துளையை வலைத்துணியால் மூடுகிறார்கள். நாளம் மிகையாக நீண்டு நொய்ந்திருந்தால் அப்பகுதியை வெட்டி நீக்கி மீண்டும் இணைப்பதும், சிறுநீர்ப்பையில் புதிதாகப் பொருத்துவதும் உண்டு.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. அத்துளையின் ஒருபுறம் சயாட்டிக் நரம்பு. காயப்பட்டால் கால் தளரும். மறுபுறம் பிட்டத்துக்குச் செல்லும் குருதிக் குழாய்கள். அறுந்தால் அவை பின்வாங்கிக் கைக்கு எட்டாத இடத்தில் ஒளிந்துகொள்ளும். நாளத்தையோ வலிந்து இழுக்கலாகாது. அதற்கு உணவூட்டும் நுண்ணிய குருதிக் குழாய்கள் அதன் மேலுறையிலேயே படர்ந்துள்ளன. உறை உரிந்தால் நாளம் பட்டுப்போகும். இடுப்புக் கூட்டினுள் அக்குழாய்கள் வெளிப்பக்கத்திலிருந்து வந்து சேர்கின்றன. இடுப்புக்கு மேலேயோ உட்பக்கத்திலிருந்து வருகின்றன. எந்தப் பக்கத்தை விடுவிக்கலாம், எந்தப் பக்கத்தைத் தொடலாகாது என்பதை அறியாத கை அங்கே நுழையாதிருப்பது நன்று. உடற்கூற்று நூலை மனப்பாடம் செய்வது வீண் வேலை என்று முணுமுணுக்கும் மருத்துவ மாணவர்கள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் இந்தத் துளையைப் பற்றியே பேசுவது வழக்கம்.

மருத்துவக் கல்லூரிக்குச் செல்லாதவர்க்கும் ஒரு செய்தி உண்டு. வயதான பாட்டியாருக்கு ஒரே பக்கத்து இடுப்பு வலி வாரக்கணக்கில் விட்டு விட்டு வந்தால், அதனோடு காய்ச்சலோ சிறுநீரில் எரிச்சலோ சேர்ந்தால், அல்ட்ராசவுண்டு ஸ்கேன் ஒன்று எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்பதில் தவறில்லை. ஊசி இல்லை, வலி இல்லை. சில நிமிட வேலை. சுழியை அது பெரும்பாலும் காட்டாது. ஆனால் சிறுநீரகம் வீங்கியிருந்தால் காட்டிவிடும். வீக்கத்துக்குக் காரணம் கல்லா, கட்டியா, கருப்பையின் இறக்கமா என்று தேடும்போது, இவற்றுள் ஒன்றும் இல்லையென்றால், படத்தை எடுத்து வைத்துக்கொண்டு இடுப்பெலும்பின் பின்விளிம்பை ஒருமுறை பார்க்கும் மருத்துவர் வேண்டும்.

அறுவை முடிந்து சில மாதம் சென்றபின் மறுபடி ஒரு படம் எடுப்பார்கள். கோடு நேராக இறங்கிச் சிறுநீர்ப்பையில் முடிந்திருக்கும். வீங்கிய சிறுநீரகம் எவ்வளவு மீண்டது என்பதை மட்டும் அப்படம் முழுமையாகச் சொல்லாது. அதற்கு மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருளை நரம்பில் செலுத்தி, வலச் சிறுநீரகம் எத்தனை பங்கு வடிக்கிறது, இடச் சிறுநீரகம் எத்தனை பங்கு வடிக்கிறது என்று தனித்தனியே அளக்கிறார்கள். சிலருக்கு இரண்டும் ஏறக்குறையச் சரிபாதி வேலை செய்யும். காலம் கடந்து வந்தவர்க்கு ஒரு பக்கத்தின் பங்கு மிகச் சிறியதாகவே நின்றுவிடும்.